‘இல்லை’ இல்லாத ஹோட்டல்

காலை ஒன்பதே கால் மணி, மூலையில் இரண்டு நாற்காலி, எபனேசர். பல வருஷங்களாக என் வேலைநாள் இப்படித்தான் தொடங்கியது. தினசரிப் பத்திரிகைக்காரன் ஊருக்கெல்லாம் செய்தி பரிமாறுவான். அவனுக்கு யாராவது இட்லி பரிமாறினால்தான் அதுவும் நடக்கும். வீட்டுச் சோற்றுக்கும் எங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு மட்டும். ஹோட்டல் சாம்பாரை நம்பிக் காலம் தள்ளுகிற சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

நான் மாவட்ட நிருபர். எபனேசர் எங்கள் போட்டோகிராபர், பாளையங்கோட்டைக்காரர். அவருடைய மனைவி நாசரேத்தில் டீச்சர். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். மற்ற நாளெல்லாம் எபனேசருக்கு ஹோட்டல்தான். அவருக்கு நிலக்கடலை ஆகாது. ‘ஆகாது’ என்றால் வயிறு கொஞ்சம் மந்தமாகும் என்கிற ஆகாது அல்ல. ஒரு துணுக்கு உள்ளே போனால் உதடு தடித்து, தொண்டை அடைத்து, மூச்சு நின்றுபோகக்கூடிய ஆகாது. ஏற்கெனவே ஒரு முறை அப்படி ஆகி, “அடுத்த தடவையும் இவ்வளவு சீக்கிரம் வந்து சேருவீங்கன்னு எதிர்பார்க்காதீங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சட்னியில்தானே கடலை, அதைத் தொடாமல் சாப்பிடலாமே என்பீர்கள். சட்னி எடுத்த கரண்டிதான் சாம்பாருக்கும் போகும். வேறு கடைக்குப் போகலாமே என்பீர்கள். வேறு கடையில் மாடசாமி கிடையாது. மாடசாமி, வண்ணார்பேட்டையில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஹோட்டலின் சப்ளையர். எபனேசர் உட்கார்ந்ததும், “அண்ணே, கடலை?” என்று கேட்பார். மாடசாமி ‘இல்லை’ என்றால் சாப்பிடுவார். ‘இருக்கு’ என்றால் காப்பியோடு எழுந்துவிடுவார். ஒரு மனிதர் தன் மூச்சைத் தினமும் இன்னொரு மனிதரின் ஒரு சொல்லில் வைத்துவிட்டுச் சாப்பிடுவதை நான் அங்கேதான் பார்த்தேன். ஹோட்டலின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. தெரு முக்கில் இருப்பதால் ‘முக்குக் கடை’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தடைச் சட்டம்

முக்குக் கடையின் பெரிய முதலாளி பழைய காலத்து வியாபாரி. வீட்டில் அரிசி தீர்ந்தால் ‘நிறைஞ்சிருக்கு’ என்றுதான் சொல்ல வேண்டும், கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ‘இல்லை’ என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது என்பதெல்லாம் அவருடைய பழக்கம். ஆனால் அந்தச் சட்டம் கல்லாவைச் சுற்றி நாலடி தூரத்துக்குத்தான் செல்லும். அடுப்படியில் இல்லாததை இல்லை என்று சொல்லித்தான் கடை நடந்தது. அவர் காலமான பிறகு மகன், எங்களுக்குச் சின்ன முதலாளி, கல்லாவுக்கு வந்தார். அவர் எங்கேயோ பயிற்சி வகுப்புக்குப் போனார். அங்கே கோட்டுப் போட்ட ஒருவர், “வாடிக்கையாளரிடம் ஒருபோதும் இல்லை என்று சொல்லாதீர்கள்” என்று பாடம் எடுத்திருக்கிறார். அப்பாவின் சாஸ்திரமும் கோட்டுக்காரரின் சாஸ்திரமும் ஒரே புள்ளியில் வந்து முட்டியதும் சின்ன முதலாளிக்கு ஞானம் பிறந்துவிட்டது.

திரும்பி வந்த மறுநாள் அடுப்படி வாசலில் ஒரு பலகை ஏறியது: ‘இக்கடையில் இல்லை என்ற சொல் இல்லை.’ பலகையே சட்டத்தை இரண்டு முறை மீறியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ‘கிடையாது’, ‘முடிஞ்சிட்டு’, ‘வேண்டாம்’ ஆகியவற்றுக்கும் இதே தடை. மீறுகிற சப்ளையர் சாயங்காலம் அண்டா கழுவ வேண்டும். சட்டம் வந்த முதல் நாள், விஷயம் தெரியாமல் நான் மாடசாமியிடம் ஆப்பம் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தக் கடையில் ஆப்பச் சட்டியே கிடையாது. மாடசாமி கல்லாப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னார்: “இருக்கு அண்ணாச்சி. எங்கன இருக்குன்னு மட்டும் கேக்காதீய.”

வந்துகொண்டே இருந்த தோசை

ஒரு சொல்லைத் தடை செய்தால் அது செத்துப்போவதில்லை. வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. எமர்ஜென்சியைப் பார்த்த பத்திரிகைக்காரர்கள் எங்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு வாரத்துக்குள் முக்குக் கடைக்குத் தனி அகராதி உருவாகிவிட்டது. ‘வருது’ என்றால் மாவே ஆட்டவில்லை. ‘ரெடியாகுது’ என்றால் இந்த ஜென்மத்தில் ஆகாது. ‘சூடாப் போட்டுத் தாரேன்’ என்றால் காலையில் போட்டது. ‘நெய் ரோஸ்ட் சாப்பிடுங்களேன்’ என்றால் அதைத் தவிர வேறெதுவும் கிடையாது. உள்ளூர்க்காரர்கள் படித்துக்கொண்டோம். வெளியாட்கள் மாட்டினார்கள்.

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஹனிபா பாய், வாரத்துக்கு ஒரு முறை வண்ணார்பேட்டைக்கு வந்தால் அங்கேதான் சாப்பிடுவார். ரவா தோசை சொன்னார். “வருது பாய்.” பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் உட்கார்ந்து, சாப்பிட்டு, பிள்ளைக்கு வாய் துடைத்துவிட்டுப் போனது. “வருது பாய்.” சுவரில் தொங்கிய காலண்டரின் அமாவாசை, பௌர்ணமி எல்லாவற்றையும் பாய் படித்து முடித்தார். மூன்றாவது முறையும் மாடசாமி அதையே சொன்னபோது, பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அவர் பட்டறையில் இரும்பைக் கடைகிறவர். குரலும் அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறிப் பழகியது. கடை முழுக்கக் கேட்டது: “ரவா தோசை எந்த ஊர்ல இருந்துவே வருது? பஸ்ஸச் சொல்லும், நானே போயி எறக்கிட்டு வாரேன்!”

உள்ளி

ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். நெற்றியில் திருமண், கையில் கோர்ட்டுக் கட்டு, ஆசாரம். உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்: “வெங்காயம் சேர்க்காத சாம்பார் இருக்கோ?” நியாயமான கேள்வி. நியாயமான பதில் மாடசாமிக்கு அண்டாவில் முடியும். ஆகவே, “இருக்கு சாமி” என்றார்.

சாம்பார் வந்தது. பெரியவர் கரண்டியை விட்டுத் துழாவினார். முழுதாக, உருண்டையாக, நன்றாக வெந்த ஒன்று மேலே வந்தது. அதைக் கரண்டியிலேயே ஏந்தி மாடசாமியின் மூக்குக்கு நேரே பிடித்து, “இது என்னது?” என்றார். எங்கள் பக்கத்தில் பெரிய வெங்காயத்தைப் பல்லாரி என்போம்; சின்னதை உள்ளி என்பாரும் உண்டு. அந்த வட்டார வழக்கு இப்படி ஒரு மனிதரின் வேலையைக் காப்பாற்றும் என்று மொழி ஆராய்ச்சி செய்கிறவர்கள்கூட எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். மாடசாமி முகத்தில் சலனமே காட்டவில்லை: “இது உள்ளிதான சாமி! நீங்க பல்லாரியத்தான் கேக்கீயன்னு நெனச்சேன்.”

தண்ணீரிலும் இருந்தது

கடையே சிரித்தது. சட்டத்துக்குப் பிறகும் மாடசாமி காதோடு சொல்வதை நம்பிச் சாப்பிட்டுவந்த எபனேசர் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த இட்லித் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு, “அண்ணாச்சி, நாளைக்கு எனக்கும் இதே பதில்தான?” என்றார். அந்தச் சமயம் தேங்காய் விலை ஏறிக்கொண்டிருந்தது. ஊரிலுள்ள சட்னிகளில் எல்லாம் தேங்காய் குறைந்து வேறு ஏதாவது கூடியது. சில கடையில் பொரிகடலை. சில கடையில் நிலக்கடலை. முக்குக் கடையில் எந்த நாள் எது என்பது அடுப்படிக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

மறுநாள் எபனேசர் ஒவ்வொன்றாகக் கேட்டார். சட்னியில் நிலக்கடலை இருக்கா? “இருக்கு சார்.” சாம்பாரில்? “இருக்கு சார்.” இட்லியில்? “இருக்கு சார்.” சின்ன முதலாளி அன்று கல்லாவை விட்டு இறங்கி மேஜை மேஜையாக வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். எபனேசர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: நிலக்கடலை போடாத சட்னி இருக்கா? “அதுவும் இருக்கு சார்.” இரண்டும் ஒரே வாளி. எபனேசர் முதலாளியிடமே முறையிட்டார். தனக்குக் கடலை ஆகாது, உயிர் போகிற விஷயம் என்று விளக்கினார். சின்ன முதலாளி பயிற்சி வகுப்புச் சிரிப்போடு, “சொல்லிட்டீங்கல்ல சார், இனிமே கடலை விஷயத்துல உங்களுக்கு ஸ்பெஷல் கவனிப்பு” என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். எபனேசர் வெறுத்துப்போய் டம்ளரைத் தூக்கிக் காட்டி, “அப்போ இந்தத் தண்ணியிலயும் கடலை இருக்கா?” என்றார். மாடசாமி திரும்பிப் பார்த்தார். முதலாளியின் முதுகு இன்னும் பக்கத்தில்தான் இருந்தது. “போடச் சொல்லுதேன் சார்.”

துண்டு ஒப்பந்தம்

கை கழுவுகிற இடத்தில் வைத்து மாடசாமி எபனேசரை மடக்கினார். நானும் உடனிருந்தேன். மாடசாமிக்கு மூட்டுவலி, அண்டா கழுவக் குனிந்தால் நிமிர ஆள் வேண்டும். ஆனால் மனுஷன் எபனேசரைக் கைவிடவும் தயாராக இல்லை. “சார், வாயி முதலாளிக்கு. துண்டு உங்களுக்கு” என்றார். அதாவது, அவருடைய தோளில் துண்டு கிடந்தால் அன்றைக்குக் கடலை உண்டு, தொடக் கூடாது. தோள் வெறுமையாக இருந்தால் பயப்படாமல் சாப்பிடலாம். ஒப்புக்காக எபனேசர் கேட்க வேண்டும், ஒப்புக்காக அவர் ‘இருக்கு’ என்பார். எபனேசர் பார்க்க வேண்டியது தோளை.

நன்றாகவே நடந்தது. துண்டு கிடக்கிற நாளில் எபனேசர் காப்பியோடு எழுந்துகொள்வார். வெறும் தோளைக் கண்ட நாளில் இட்லியைச் சட்னியில் குளிப்பாட்டுவார். ஈரமும் எண்ணெயும் ஏறி நிறம் மறந்துபோன அந்தத் துண்டை, கலெக்டர் ஆபீசில் கொடிக்கம்பத்தைப் பார்ப்பதுபோல வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டு வருவார். ஒரு நாள் படியேறும்போது என்னிடம் சொன்னார்: “என் உசுரு ஒரு அழுக்குத் துண்டுல தொங்குது அண்ணாச்சி. அத அவரு தொவச்சாருன்னா என் கடைக்கு லீவு.”

புதுச் சட்டை

துவைக்கவில்லை. அதைவிட மோசமானது நடந்தது. கோட்டுக்காரரின் இரண்டாவது வகுப்புக்குப் போய் வந்த சின்ன முதலாளி, சப்ளையர்கள் எல்லோருக்கும் மெரூன் நிறச் சட்டையும் கழுத்தில் கட்டுகிற டையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். தோளில் துண்டு போடுவது பட்டிக்காட்டுத்தனம் என்று எல்லாத் துண்டுகளையும் பறித்து மேஜை துடைக்க அனுப்பிவிட்டார். அந்த முதல் நாள் காலையில், புதுச் சட்டையின் அழகை ரசிப்பதற்காகச் சின்ன முதலாளி எங்கள் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

எபனேசர் வழக்கம்போலக் கேட்டார். மாடசாமி வழக்கம்போல, “இருக்கு சார்” என்றார். சொல்லிவிட்டு, கண்ணை அகல விரித்துத் தன் வெறும் தோளை மூன்று முறை தட்டினார். இங்கே துண்டு கிடப்பதாக நினைத்துக்கொள்ளும் என்பது அவர் சொல்ல வந்தது. தோளைப் பாரும், துண்டு இல்லை என்று எபனேசர் படித்தார். நானும் அப்படித்தான் படித்தேன். சந்தோஷமாக இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்குக் கை போகவில்லை. உதடு தடித்தது, கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அடுத்த மேஜையிலிருந்து திரும்பிப் பார்த்த மாடசாமி, காப்பித் தட்டைக் கீழே போட்டுவிட்டு, “துப்புங்க சார்! துப்புங்க!” என்று ஓடிவந்தார். “தண்ணி, தண்ணி” என்று நான் கத்தினேன். யாரோ ஒரு சப்ளையர் உள்ளேயிருந்து, “வருது” என்றார். சின்ன முதலாளி மட்டும் பதறவில்லை. கையைக் கட்டிக்கொண்டு குனிந்து, பயிற்சி பெற்ற குரலில் என்னிடம் கேட்டார்: “தண்ணி சாதாவா சார், மினரலா?”

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன்

ஆட்டோவில் எபனேசரின் தலை என் தோளில் கிடந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. பாலத்து நெரிசலில் ஆட்டோ நின்றபோது நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்; எழுத்தில் அதை அனுமதிக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் தொடையில் ஊசி போட்டார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள். இளவயது டாக்டரம்மா வெளியே வந்து, என்ன சாப்பிட்டார், நிலக்கடலைதான் என்று நிச்சயமாகத் தெரியுமா, வேறு ஏதாவது கலந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

நான் கடைக்குப் போன் போட்டேன். மணி அடித்ததும் சின்ன முதலாளியே எடுத்தார். பின்னணியில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்று நான் சொன்னது அந்தப் பாட்டில் போய்விட்டது போலிருக்கிறது. கேட்டேன்: காலையில் போட்ட சட்னியில் நிலக்கடலை இருந்ததா, வேறு என்ன இருந்தது? பதில் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. அந்தக் கடையில் உடனே வந்த ஒரே பொருள் அதுதான்: “எல்லாமே இருக்கு சார். எத்தன பார்சல்?”

நலம் விசாரிப்பு

ஊசி வேலை செய்தது. மத்தியானத்துக்குமேல் எபனேசர் கண் திறந்தார். சாயங்காலம் பேச்சு வந்தது. நாசரேத்திலிருந்து அழுதுகொண்டே வந்த மனைவி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவருடைய கையை விடாமல் பிடித்திருந்தார். அந்த நேரம் பார்த்துச் சின்ன முதலாளி வந்து சேர்ந்தார். தனியாக வரவில்லை. மெரூன் சட்டை போட்ட இரண்டு பேர், ஜரிகைத் தாள் சுற்றிய பெரிய கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். ஒருவர் செல்போனில் படமும் எடுத்தார்.

எபனேசரின் மனைவி மரியாதைக்காகத் தாளைப் பிரித்தார். ஆப்பிள், மாதுளை, அதற்கடியில் வரிசை வரிசையாகக் கடலைமிட்டாய். அந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. சின்ன முதலாளி பெருமையோடு விளக்கினார். சாருக்கும் கடலைக்கும் ஏதோ விசேஷம் என்று அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்ததாம். ஒவ்வொரு வாடிக்கையாளரின் ருசியையும் மனசில் வைத்திருப்பதுதான் அவருடைய தொழில் ரகசியமாம். எபனேசர் குழாயைச் சற்று விலக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: “அண்ணாச்சி, இது ரெண்டாவது முயற்சி.”

பிரபலம்

அன்று இரவுப் பதிப்புக்குச் செய்தி எழுதினேன். கடையின் பெயர், தெரு, என்ன நடந்தது எல்லாவற்றையும் எழுதினேன். காலையில் பேப்பரைப் பிரித்தால், ‘வண்ணார்பேட்டையில் உள்ள பிரபல உணவகம் ஒன்றில்’ என்று இருந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கால் பக்கம் விளம்பரம் தருகிற கடையின் பெயர் அச்சில் ஏறாது. அது எங்கள் தொழிலின் அகராதி. முக்குக் கடையில் ‘வருது’ என்பதற்கும் எங்கள் ஆபீசில் ‘பிரபல’ என்பதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அன்று முழுவதும் போன். தாங்களும் வண்ணார்பேட்டையில்தான் கடை வைத்திருப்பதாகவும், தாங்களும் பிரபலம்தான் என்றும், காலையிலிருந்து ஈ ஓட்டுவதாகவும் ஒவ்வொருவராக அழுதார்கள். புரோட்டாக் கடைக்காரர் ஒருவர் மட்டும், “எங்கள யாரும் சந்தேகப்பட மாட்டாங்க அண்ணாச்சி, நாங்க பிரபலம் கிடையாதுல்லா” என்று நிம்மதிப்பட்டார். பெயர் தெரியாததால் ஊர் எல்லாக் கடையையும் சந்தேகப்பட்டது; சந்தேகப்பட வேண்டிய கடையில் மட்டும் வழக்கம்போலக் கூட்டம். சாயங்காலம் சின்ன முதலாளி ஆபீசுக்கே வந்தார், கையில் பத்திரிகையோடு. சண்டைக்கு என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: “பிரபலம்னு போட்டீங்க பாருங்க சார், எங்கப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு.”

புதுப் பலகை

சந்தோஷம் ஒரு வாரம்தான். எபனேசரின் மச்சான் ஒரு வக்கீல். கடைக்கு நோட்டீஸ் போனது. சின்ன முதலாளியும் ஒரு வக்கீலைப் பிடித்தார். அந்த வக்கீல், இருக்கு என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே, எழுதி வைத்துவிடு என்று யோசனை சொல்லியிருக்கிறார். அடுப்படி வாசலில் இருந்த பலகை இறங்கியது. தெருவாசலில் அதைவிடப் பெரிய பலகை ஏறியது: ‘எங்கள் உணவுகளில் நிலக்கடலை உள்பட எது வேண்டுமானாலும் இருக்கலாம். நிர்வாகம் பொறுப்பல்ல.’

சப்ளையர்கள் எந்தக் கேள்வி கேட்டாலும் அந்தப் பலகையைக் கையால் காட்ட வேண்டும். பொங்கல் இருக்கா என்றால் பலகை. கை கழுவுகிற இடம் எங்கே என்றாலும் பலகை. மாடசாமி அந்த வேலையைச் செய்யவில்லை. டையைக் கழற்றிக் கல்லா மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரு மத்தியானம் நான் எதிர்ச் சாரியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, ஹனிபா பாய் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டு உள்ளே போகாமல் என்னிடம் வந்தார்: “கேட்டீரா, இந்தக் கடையில மொத மொதல்ல ஒரு உண்மையச் சொல்லியிருக்கான்வே.”

சீனி

பிறகு ஒரு நாள் பேட்டைத் தொழிற்பேட்டையில் ஒரு தீ விபத்து; எபனேசரும் நானும் போயிருந்தோம். படமெடுத்து முடித்தபோது காலைப் பசி. பக்கத்தில் ஒரு சின்ன மெஸ். உள்ளே நுழைந்தால், தோளில் துண்டோடு மாடசாமி. பத்து வயது குறைந்தவர் மாதிரி இருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் ஆசை தீர அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார். “பூரி இல்ல. பொங்கல் இல்ல. வட நேத்தோட சரி, இன்னைக்கு இல்ல.” அந்தச் சொல் வாயில் கற்கண்டு மாதிரி உருண்டது. எங்களைக் கண்டதும் ஓடிவந்து எபனேசரின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது. “அன்னைக்கு வாயத் தொறந்து சொல்லியிருக்கணும் சார். சவத்து அண்டாவுக்குப் பயந்துட்டேன்” என்றார். எபனேசர், “விடுங்கண்ணே” என்று அவருடைய தோளைத் தட்டினார்.

இட்லி வந்தது. வெள்ளை வெளேரென்று சட்னி வந்தது. எபனேசர் மெதுவாகக் கேட்டார்: “அண்ணே, கடலை?” மாடசாமி நெஞ்சில் கை வைத்தார். “இல்ல சார். நான்தான் பக்கத்துல நின்னு அரச்சேன். எம் புள்ள மேல சத்தியமா இல்ல.” அந்தப் பதிலுக்காகத்தான் எபனேசர் இவ்வளவு காலம் ஏங்கினார். சட்னியைப் பார்த்தார். விரல் நுனியில் தொட்டார். பிறகு இலையின் ஓரத்துக்கு அதைத் தள்ளி வைத்துவிட்டார். மாடசாமியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தண்ணீர் டம்ளரை எடுத்தேன். எபனேசரின் குரலில் கோபமில்லை, வெட்கம்தான் இருந்தது: “நான் நம்புதேன் அண்ணே. என் தொண்ட நம்ப மாட்டேங்கு. கொஞ்சம் சீனி கொண்டாங்க.”

அன்றிலிருந்து எபனேசர் தானே சமைத்து டப்பாவில் கொண்டுவருகிறார். மூடியைத் திறந்ததும் சமைத்தவரை நம்பாமல் ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்.